ஆரஞ்சு டிரெய்லரும் மஞ்சள் டிரெய்லரும்: பழைய பொம்மை பைக் முதலீடா?



போன வாரம் டேர்ம் இன்ஷூரன்ஸ் பத்தி ஒரு வீடியோ போட்டேன். இருபது நிமிஷம் கிளெய்ம் ஏன் ரிஜெக்ட் ஆகுதுன்னு தொண்டை வறள பேசியிருக்கேன். கமென்ட்ல பாதிப் பேர் கேட்ட கேள்வி வேற. "சார், உங்க பின்னாடி ஷெல்ஃப்ல டிரெய்லர் மேல ஏத்தி வச்ச குட்டி பைக் ரெண்டு இருக்கே, அது என்ன விலை?" ஒருத்தர் இன்னும் ஒரு படி மேல போய், "வின்டேஜ் டைகாஸ்ட் வாங்கிப் போட்டா பத்து வருஷத்துல பத்து மடங்காமே, எஸ்ஐபியை நிறுத்திட்டு இதுல போடலாமா?"ன்னு கேட்டிருந்தார்.

முதல் கேள்விக்குப் பதில் சொல்லிட்டே ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். ஏன்னா அந்த ரெண்டு பைக்ல ஒண்ணு எனக்கு 14,500 ரூபாய் நஷ்டம். நானே ஒரு சி.ஏ. அடுத்தவங்க ஸ்டாக்கை நேர்ல போய் எண்ணிப் பார்த்து கையெழுத்து போடற ஆள். அப்படியும் ஏமாந்தேன்.

ஷெல்ஃப்ல இருக்கறது என்ன?

ரெண்டும் மேட்ச்பாக்ஸ். லண்டன்ல லெஸ்னிங்கற கம்பெனி 1953-ல ஆரம்பிச்ச பொம்மை வரிசை அது. தீப்பெட்டி மாதிரி சின்ன அட்டைப் பெட்டில வந்ததால அந்தப் பேர். 1லிருந்து 75 வரை நம்பர் போட்டு வித்தாங்க. பெரும்பாலும் கார், லாரி, டிராக்டர்தான். மோட்டார் சைக்கிள் ரொம்பக் கம்மி. 1960-ல நம்பர் 4, சைடுகார் வச்ச ட்ரையம்ப். 1961-ல நம்பர் 36, சைடுகார் வச்ச லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர். 1962-ல நம்பர் 66, சைடுகார் வச்ச ஹார்லி டேவிட்சன். 1967-ல நம்பர் 38, டிரெய்லர் மேல நிக்கற ஹோண்டா. 1975-ல நம்பர் 18, ஹோண்டரோரா.

என்கிட்ட இருக்கறது அந்த நம்பர் 38. ஒண்ணு என் மாமாவோடது, அம்மாவுக்கு அண்ணன். அவரு சின்னப் பையனா இருந்தப்ப சிங்கப்பூர்ல இருந்த ஒரு சொந்தக்காரர் நோம்பிக்கு வந்தப்ப கொண்டு வந்து குடுத்தது. பொள்ளாச்சி பக்கம் அப்புச்சி வீட்டு அட்டாலில ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள்ள கிடந்துச்சு. நான் இன்டர் பாஸ் பண்ணினப்ப, "எடுத்துக்கடா"ன்னு குடுத்துட்டாரு. டிரெய்லர் மஞ்சள், பைக் நீலமும் பச்சையும் கலந்த மெட்டாலிக் நிறம். பெயின்ட் அங்கங்க பேந்திருக்கு.

இன்னொண்ணு 2019-ல போனஸ் வந்த கையோட ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட வாங்கினது. டிரெய்லர் ஆரஞ்சு.

இந்த நிறம்தான் விஷயம். நம்பர் 38 வந்த புதுசுல டிரெய்லர் ஆரஞ்சு. அதுலயும் பக்கவாட்டுல ஹோண்டான்னு எழுத்து இல்லாதது முதல்ல, எழுத்து இருக்கறது அப்புறம். அதுக்குப் பின்னாடிதான் மஞ்சள். 1969-லிருந்து லெஸ்னி தன் வண்டிகளை சூப்பர்ஃபாஸ்ட்ங்கற வேகச் சக்கரத்துக்கு மாத்த ஆரம்பிச்சதும் இதோட டிரெய்லர் சக்கரமும் மாறிடுச்சு. பொம்மை ஒண்ணுதான், அச்சு ஒண்ணுதான். ஆனா சேகரிக்கறவங்களுக்கு இது நாலஞ்சு தனித்தனிப் பொருள். மஞ்சள் நிறைய கிடைக்கும், ஆரஞ்சுக்கு அலையணும். விலையும் அதுக்கேத்த மாதிரிதான்.

ஒரே பொம்மை ஏன் நாலு விதமா வருது?

இதைப் புரிஞ்சுக்க லண்டன் போக வேண்டாம். நம்ம குறிச்சி சிட்கோ போதும்.

என் கிளையன்ட் ஒருத்தர் அங்க பிரஷர் டைகாஸ்டிங் யூனிட் வச்சிருக்காரு. பம்ப்புக்கும் டூவீலருக்கும் பாகம் பண்றாங்க. பொம்மை பைக் பண்றதும் இதே தொழில்தான். துத்தநாகத்தோட கொஞ்சம் அலுமினியம், தாமிரம், மெக்னீசியம் கலந்த உலோகத்தை உருக்கி, இரும்பு டைக்குள்ள அழுத்தத்தோட செலுத்துவாங்க. ஜமாக்னு சொல்வாங்க, பிரிட்டன்ல அதுக்கு மசாக்னு பேரு. சில நொடில உறைஞ்சிடும். டை திறக்கும், பாகம் விழும். இப்படி ஒரு தடவை அடிக்கறதுக்கு ஒரு ஷாட்னு கணக்கு.

ஷாட் ஏற ஏற டை தேயும். எழுத்து மழுங்கும். ரெண்டு பாதியும் சேர்ற கோட்டுல மெலிசா தகடு மாதிரி பிசிறு வரும். அப்ப டையை இறக்கி வெல்ட் வச்சு, மறுபடி தேய்ச்சு சரி பண்ணுவாங்க. அந்த ரிப்பேருக்கு முன்னாடி வந்த பாகத்துக்கும் பின்னாடி வந்த பாகத்துக்கும் ஒரு கோடாவது மாறி இருக்கும். ஒரே டைல நாலு குழி இருந்தா, நாலு குழியோட பாகமும் அச்சு அசலா ஒண்ணா இருக்காது.

ரெண்டாவது காரணம் பர்ச்சேஸ். பெயின்ட் சப்ளையர் மாறினா ஷேட் மாறும். சீட்டுக்கு வாங்கற கறுப்பு பிளாஸ்டிக் தீர்ந்து போச்சு, லைனை நிறுத்த முடியாது, கைல இருக்கற வெள்ளையைப் போட்டு ஓட்டுவாங்க. மூணாவது காரணம் காஸ்ட் கட்டிங். உலோகத்துல இருந்த பாகம் பிளாஸ்டிக் ஆகும். தனியா ஒட்டின பாகம் அச்சோடயே சேர்ந்து வரும்.

நான் இதை கிளையன்ட்கிட்ட சொல்லிட்டிருந்தப்ப அவரு சிரிச்சுட்டாரு. "ஏனுங் ஆடிட்டர் தம்பி, போன வருஷம் நாமளே ஒரு கைப்பிடியை ஆறு மாசத்துல மூணு தினுசா அனுப்புனமுங்க. வாங்குனவன் ஒருத்தனும் கண்டுக்கல. அதையெல்லாம் ஒருத்தன் பெட்டில போட்டு வச்சா அம்பது வருஷம் கழிச்சு காசாகுமுங்களா?"

ஆகலாம். யாராவது வேணும்னு நினைச்சா மட்டும்.

என்னைப் பொறுத்தவரை ஒவ்வொரு வேரியேஷனும் ஏதோ ஒரு பழைய ஃபேக்டரியோட காஸ்ட் ஷீட்ல ஒரு வரி. யாரோ ஒரு மேனேஜர் ஒரு பென்னி மிச்சம் பண்ண எடுத்த முடிவு, அம்பது அறுபது வருஷம் கழிச்சு நம்ம உள்ளங்கைல இருக்கு. எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சதுக்கு அதுதான் காரணம்.

நம்ம நாட்டுக் கதையும் இதுல உண்டு. இங்கிலாந்துல டிங்கி பொம்மை பண்ணின மெக்கானோ கம்பெனியோட பழைய டைகள் 1960கள் கடைசில கல்கத்தாவுக்கு வந்துச்சு. அடியில டிங்கின்னு இருந்த இடத்துல நிக்கின்னு மாத்தி வித்தாங்க. நிக்கி டாய்ஸ்னு பேரு. 1980கள்ல லியோங்கற பேர்ல ஹாட் வீல்ஸ் இந்தியாவுலயே தயாராச்சு. வெளிநாட்டுல எங்கயும் வராத நிறத்துல, வேற ஸ்டிக்கர் டிசைன்ல வந்ததால வெளிநாட்டுக்காரங்க அதைத் தேடி வாங்கறாங்க. அன்னைக்கு இங்க அது சாதாரணக் கடைப் பொம்மை. மண்ணுல புரட்டி விளையாடி, சக்கரம் கழண்டதும் காயலான் கடைக்குப் போட்டிருப்போம்.

14,500 ரூபாய் பாடம்

இப்ப என் கதைக்கு வர்றேன். ஆரஞ்சு டிரெய்லர் பார்சல் வந்துச்சு. பளபளன்னு இருந்துச்சு. வீட்ல எல்லாருக்கும் காட்டி, மாமாவோட மஞ்சளைப் பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டாச்சு. ரெண்டு வாரம் கழிச்சு ஆடிட்டுக்குப் போனப்ப பெருமைக்கு அந்தக் கிளையன்ட்கிட்டயும் காட்டினேன். அவரு பார்ட்ஸ் செக் பண்ற லென்ஸை எடுத்து அரை நிமிஷம் பார்த்தாரு.

"தம்பி, இது கம்பெனி பெயின்ட் இல்லீங்க."

"எப்டிங்ணா சொல்றீங்க?"

"ஃபேக்டரில பாகத்துக்கு பெயின்ட் அடிச்சுட்டுத்தான் சக்கரம் மாட்டுவாங்க. ஆக்சில் கம்பி மாட்டறது கடைசி வேலை. அப்ப ஆக்சில் மேல பெயின்ட் எப்படி வரும்? இதுல பாருங்க, கம்பி தலைமேலயே ஆரஞ்சு இருக்குது. மாட்டின சக்கரத்தோடயே யாரோ ஸ்ப்ரே அடிச்சிருக்காங்க."

அப்புறம் ஒரு குண்டூசியால ஆக்சில் உட்கார்ற இடுக்கை லேசா சுரண்டினாரு. ஆரஞ்சுக்கு அடில மஞ்சள் எட்டிப் பார்த்துச்சு.

அதாவது, மாமா குடுத்த மாதிரியே ஒரு சாதாரண மஞ்சள் டிரெய்லருக்கு ஆரஞ்சு அடிச்சு என் தலைல கட்டியிருக்காங்க. வித்தவருக்கு போன் பண்ணினேன். "நானும் இப்டியேதான் வாங்கினேன் ப்ரோ"ன்னாரு. அதோட நம்பர் பிளாக். பில் இல்ல, ரிட்டர்ன் இல்ல. தப்பு யார் மேலன்னு கேட்டீங்கன்னா, முதல் தப்பு என் மேலதான். அடிப்பாகத்தை ஒரு குளோசப் போட்டோ அனுப்புங்கன்னு கேட்கவே இல்ல. கிளையன்ட் ஸ்டாக்குல ஒரு போல்ட் குறைஞ்சா கேள்வி கேட்கற நான், என் காசுன்னு வந்தப்ப ஆசைல கண்ணை மூடிட்டேன்.

அந்த ஆரஞ்சை இன்னும் ஷெல்ஃப்ல வச்சிருக்கேன். ஒவ்வொரு வீடியோ எடுக்கும்போதும் கண்ணுல படட்டும்னு.

வாங்கறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

நீங்களும் இந்தப் பக்கம் வர்றதா இருந்தா, அஞ்சு இடம் பாருங்க.

1. ஆக்சில், ஆணித் தலை. பெயின்ட் இருக்கக் கூடாத இடத்துல பெயின்ட் இருந்தா மறு பெயின்ட். ஆணித் தலைல ட்ரில் போட்ட தடமோ பசையோ இருந்தா, யாரோ பிரிச்சு மாட்டியிருக்காங்க.

2. மறைவான இடத்து நிறம். வெயில்ல இருந்த பொம்மை நிறம் வெளுக்கும். அதையே "ரேர் ஷேட்"னு விப்பாங்க. சீட்டுக்கு அடி, ரெண்டு பாகம் சேர்ற இடுக்கு, ஸ்டிக்கர் ஓரம் மாதிரி வெயில் படாத இடத்துல என்ன நிறம்னு பாருங்க. அங்க வேற நிறம் இருந்தா அது வேரியேஷன் இல்ல, ஜன்னலோரம் வச்ச பொம்மை. பகல் வெளிச்சத்துல பாருங்க. எல்இடி லைட்டுக்கு அடில நிறம் மாறித் தெரியலாம்.

3. அடி எழுத்து. காருக்கு தட்டையான அடிப்பாகம் இருக்கும். பைக்குக்கு இல்ல. சைடுகாருக்கு அடி, டிரெய்லருக்கு அடி, எஞ்சின் பக்கம்னு தேடணும். லெஸ்னி, இங்கிலாந்துன்னு இருந்தா பழசு. 1982-ல லெஸ்னி திவாலாகி ஹாங்காங் கம்பெனி கைக்குப் போச்சு. அதுக்கு அப்புறம் மக்காவ், சீனா, தாய்லாந்துன்னு வரும். இன்னொண்ணு, அடில இருக்கற வருஷம் பெரும்பாலும் டிசைன் பதிவான வருஷம். அந்தப் பொம்மை தயாரான வருஷம்னு நினைச்சு ஏமாறாதீங்க.

4. பிளாஸ்டிக் பாகம். ஹோண்டரோரா மாதிரி பைக்ல ஹேண்டில்பார் நிறம், சீட் நிறம், சக்கரம் கம்பி மாதிரியா அலாய் மாதிரியான்னு பார்த்துத்தான் வேரியேஷன் பிரிப்பாங்க. கழட்டி மாத்த வசதியான பாகமும் அதுவேதான். புதுசா அடிச்ச ஹேண்டில்பாரும் டயரும் ரிப்பேருக்குன்னு தனியாவே கிடைக்குது. அதை மாட்டறது தப்பில்ல. மாட்டினதைச் சொல்லாம விக்கறதுதான் தப்பு.

5. பெட்டி. பழைய அட்டைப் பெட்டி பல சமயம் பொம்மை விலைக்கே போகும். அதனால நகல் பெட்டியும் நிறைய. மடிப்பு ஓரம் தேயாம, உள்பக்கம் வெள்ளை வெளேர்னு இருந்தா சந்தேகப்படுங்க.

சேகரிக்கறவங்க நடுவுல கோட் 1, கோட் 2, கோட் 3-ன்னு ஒரு பேச்சு உண்டு. கோட் 1 முழுக்க கம்பெனி தயாரிப்பு. கோட் 2 கம்பெனி அனுமதியோட வேற ஒருத்தர் மாத்தினது. கோட் 3 அனுமதி இல்லாம வெளில மாத்தினது. வாங்கறப்ப, "இது கோட் 1-ன்னு எழுத்துல குடுங்க, அடிப்பக்க போட்டோ அனுப்புங்க"ன்னு கேளுங்க. நேர்மையான ஆள் உடனே அனுப்புவாரு. இழுத்தடிச்சா அதுவே பதில்.

சரி, இது முதலீடா?

என் கருத்து: இல்ல. கணக்கு போட்டே காட்டறேன்.

ஒருத்தர் பத்து வருஷம் முன்னாடி 6,000 ரூபாய்க்கு வாங்கின பொம்மையை இன்னைக்கு 12,000-க்கு விக்கறாருன்னு வைங்க. "டபுள் ஆயிருச்சு"ன்னு ரீல்ஸ் போடுவாரு. வருஷத்துக்கு 7.2% கூட்டு வட்டி. இதுல வித்த தளத்தோட கமிஷன், பேக்கிங், கூரியர்னு 1,500 போச்சுன்னா கைல 10,500. அப்ப 5.8%. 2020 ஏப்ரல்லேர்ந்து பிபிஎஃப் வட்டி 7.1%, அதுவும் வரி இல்லாம. பிபிஎஃப் பாஸ்புக்கை தூசி தட்டி வைக்க வேண்டாம், குழந்தை எடுத்து கீழ போட்டா உடையாது.

இதுவும் நல்லா போன பொம்மைக்கான கணக்கு. ஏறாத பொம்மையைப் பத்தி யாரும் ரீல்ஸ் போடறது இல்ல. 1969-ல வந்த பிங்க் நிற ஹாட் வீல்ஸ் வேன் ஒண்ணு லட்சம் டாலருக்கு மேல மதிப்புன்னு எல்லாரும் காட்டுவாங்க. அது கடைக்கே வராத சோதனைப் பொருள். அதைக் காட்டி நம்ம அலமாரிக்கு விலை போடறது, முகேஷ் அம்பானி வீட்டைக் காட்டி வடவள்ளி பிளாட்டுக்கு விலை போடற மாதிரி.

அடுத்து, கேட்ட விலை வேற, போன விலை வேற. லிஸ்டிங்ல 40,000-ன்னு ஒருத்தர் போட்டிருக்கார்னா அது அவரோட ஆசை. வித்து முடிஞ்சதோட விலையை மட்டும் பாருங்க. வெளிநாட்டுலேர்ந்து வரவழைக்கறதா இருந்தா டியூட்டி, ஷிப்பிங் சேர்த்து அடக்க விலை போடுங்க. பொம்மை இறக்குமதி வரி 2020-ல 20%-லேர்ந்து 60% ஆச்சு, 2023 பட்ஜெட்ல 70% ஆச்சு. தனி ஆள் பார்சலுக்குக் கணக்கு வேற மாதிரி வரலாம், ஆனா சும்மா வந்துடாது.

உலோகத்துக்கே ஒரு ரிஸ்க் இருக்கு. துத்தநாகக் கலவைல ஈயம் மாதிரி கலப்படம் சேர்ந்தா, வருஷங்கள் கழிச்சு உள்ளுக்குள்ளயே அரிச்சு, உப்பி, விரிசல் விட்டு உதிரும். ஜிங்க் பெஸ்ட்னு பேரு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தின டிங்கி பொம்மைகள் பல இப்படித்தான் போச்சு. பெட்டியைத் திறந்தா பொடி.

வரி விஷயமும் ஒண்ணு. சொந்த ஆசைக்கு வச்சிருந்த பொம்மையை என்னைக்கோ ஒரு நாள் விக்கறது வேற. மாசாமாசம் வாங்கி விக்கறது வேற. ரெண்டாவது பிசினஸ் வருமானம், ரிட்டர்ன்ல காட்டணும். "ஹாபிதான் சார்"னு சொன்னா பேங்க் ஸ்டேட்மென்ட் நம்பாது.

சரவணம்பட்டி தம்பி

இதையெல்லாம் ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, போன வருஷம் ஒரு தம்பி ஆபீஸுக்கு வந்தாரு. வயசு 26. சரவணம்பட்டில ஐடி வேலை, கைக்கு 42,000 சம்பளம். ஒன்றரை வருஷத்துல 1,80,000 ரூபாய்க்கு டைகாஸ்ட் வாங்கியிருந்தாரு. பெரும்பாலும் பைக். எக்செல்ல அழகா ஷீட் வச்சிருந்தாரு. வேரியேஷன் நம்பர், சக்கர வகை, பெயின்ட் ஷேட் எல்லாம். நான் பார்த்த ஆடிட் வொர்க்கிங் பேப்பர் பலதைவிட அது நல்லா இருந்துச்சு. கடைசி காலத்துல "தற்போதைய மதிப்பு 3,40,000"ன்னு போட்டிருந்தாரு.

"இந்த மதிப்பு எங்கேர்ந்து வந்துச்சு தம்பி?"

"லிஸ்டிங் விலைங்ணா."

பணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டேன். கிரெடிட் கார்டு. மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு இருந்திருக்காரு. மாசம் 3.5% வட்டி. கூட்டு வட்டியாப் பார்த்தா வருஷத்துக்கு 51%. அதுக்கு மேல ஜிஎஸ்டி. எமர்ஜென்சி ஃபண்ட் இல்ல. அப்பா அம்மாவுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் இல்ல.

அவரு என்கிட்ட வந்த காரணம் வேற. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்கணும், ரெண்டு நாள்ல பணம் வேணும். பொம்மையை மொத்தமா விக்கறதுக்கு குரூப்ல போட்டிருக்காரு. அவசரம்னு தெரிஞ்சதும் எல்லாரும் கீழ கேட்டிருக்காங்க. 71,000-க்குப் போச்சு. மீதிக்கு அம்மாவோட நாலு பவுனை அடகு வச்சாங்க.

அப்பா நல்லா இருக்காரு இப்ப. தம்பிகிட்ட நான் திட்டவே இல்ல. அவரு வேரியேஷன் படிச்சதுல எந்தத் தப்பும் இல்ல. அந்த அறிவு உண்மையானது. தப்பு ஒண்ணே ஒண்ணுதான். வேணுங்கறப்ப வேணுங்கற விலைக்கு விக்க முடியாத பொருளை சேமிப்புன்னு நினைச்சுட்டாரு. பவுனை எடுத்துட்டு அடகுக் கடைக்குப் போனா, அன்னைக்கு விலைல ஒரு பங்காவது காசா கிடைக்கும். ஆரஞ்சு டிரெய்லரை எடுத்துட்டுப் போனா, பையனுக்கு விளையாடக் குடுங்கன்னு சொல்வாங்க.

அப்ப வாங்கவே கூடாதா?

வாங்குங்க. நானே வாங்கறேன். ஆனா எந்தப் பையிலேர்ந்துன்னு முடிவு பண்ணிட்டு வாங்குங்க.

ஆறு மாச செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட், உங்களுக்கும் அப்பா அம்மாவுக்கும் ஹெல்த் இன்ஷூரன்ஸ், வீட்ல உங்க சம்பளத்தை நம்பி ஆள் இருந்தா டேர்ம் இன்ஷூரன்ஸ், மாசாமாசம் எஸ்ஐபி. இது நாலும் ஓடினதுக்கு அப்புறம், கைக்கு வர்ற சம்பளத்துல 2%, மிஞ்சிப் போனா 3% ஹாபிக்கு. 42,000 சம்பளத்துல 3%-ன்னா 1,260. கம்மியா தெரியுதா? நாலு மாசம் சேர்த்து வச்சு ஒரு நல்ல பீஸ் வாங்குங்க. அந்த நாலு மாசமும் படிங்க, போட்டோ பாருங்க, நேர்ல போய் தொட்டுப் பாருங்க. என்னை மாதிரி ஏமாற மாட்டீங்க.

இஎம்ஐ வேண்டவே வேண்டாம். கிரெடிட் கார்டுல வாங்கினா முழு பில்லையும் அந்த மாசமே கட்டுங்க. ஒவ்வொரு பீஸுக்கும் பில், வாங்கின தேதி, விலை, அடிப்பக்க போட்டோ ஒரு ஃபோல்டர்ல வைங்க. எக்செல்ல "மதிப்பு"ன்னு காலம் வேணும்னா வாங்கின விலையைப் போடுங்க. நெட்வொர்த் கணக்குல பூஜ்யம்னு போடுங்க. ஆமா, பூஜ்யம். என் ஷீட்லயும் அப்படித்தான். என்னைக்காவது வித்து காசு வந்தா அது லாட்டரி மாதிரி.

அந்தக் கண்ணை இங்கயும் திருப்புங்க

கடைசியா ஒண்ணு. உங்கள்ல பல பேர் ஒரு பைக்கோட சீட் கறுப்பா வெள்ளையான்னு லென்ஸ் வச்சுப் பார்க்கறீங்க. உங்க மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மென்ட்டை அதே லென்ஸ் வச்சுப் பார்த்திருக்கீங்களா?

அதுவும் வேரியேஷன்தான். ஒரே ஃபண்ட், ஒரே மேனேஜர், ஒரே பங்குகள். பேர்ல ஒரு வார்த்தை மட்டும் வேற: ரெகுலர், டைரக்ட். 2013 ஜனவரிலேர்ந்து எல்லா ஃபண்டும் டைரக்ட் பிளான் தரணும்னு செபி விதி. ரெகுலர்ல விநியோகஸ்தர் கமிஷன் உங்க பணத்துலேர்ந்து போகும். மாசம் 10,000 ரூபாய் எஸ்ஐபி, 25 வருஷம். டைரக்ட்ல 12%, ரெகுலர்ல 11% வருதுன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். முதல்ல சுமார் 1 கோடியே 90 லட்சம், ரெண்டாவதுல சுமார் 1 கோடியே 59 லட்சம். ஒரு வார்த்தைக்கு சுமார் 31 லட்சம் வித்தியாசம். ஆலோசகர் உங்களுக்கு உண்மையா உழைக்கறார்னா அந்தக் காசைத் தாராளமா குடுங்க. எதுக்குக் குடுக்கறீங்கன்னு தெரிஞ்சு குடுங்க, அவ்ளோதான்.

சரவணம்பட்டி தம்பியை அன்னைக்கு இதைத்தான் பண்ணச் சொன்னேன். அந்த எக்செல் ஷீட்டை அழிக்காதீங்க, அதே மாதிரி ஒண்ணு உங்க பாலிசி, ஃபண்ட், லோன் எல்லாத்துக்கும் போடுங்கன்னேன். கார்டு கடன் முடியப் போகுது, நகையை மீட்டாச்சு. போன மாசம் ஒரே ஒரு பைக் வாங்கியிருக்காரு, 900 ரூபாய்க்கு. வாங்கறதுக்கு முன்னாடி ஆக்சில் போட்டோவை எனக்கு வாட்ஸ்அப் பண்ணினாரு. சுத்தமா இருந்துச்சு. வாங்குங்கன்னேன்.

மாமாவோட மஞ்சள் டிரெய்லர் என்ன விலைன்னுதான முதல்ல கேட்டீங்க? பெயின்ட் பேந்து, பெட்டி இல்லாம இருக்கறதால பெருசா ஒண்ணும் வராது. போன பொங்கலுக்கு மாமாகிட்டயே கேட்டேன், "விக்கலாமா மாமா?" "அதுல பைக்கு ஏறி இறங்கறப்ப டக்குனு ஒரு சத்தம் வரும், கேட்டயா?"ன்னாரு. விலையைப் பத்தி அவரு எதுவும் கேட்கல.

உங்க வீட்டு அட்டாலிலயும் இந்த மாதிரி ஏதாவது கிடக்கா? பழைய லியோ, நிக்கி, மேட்ச்பாக்ஸ் எதுவா இருந்தாலும் அடிப்பக்கத்தைப் பார்த்துட்டு கமென்ட்ல சொல்லுங்க. அதோட உங்க ஃபண்ட் ரெகுலரா டைரக்டான்னும் பார்த்துச் சொல்லுங்க. ரெண்டாவதை முதல்ல பாருங்க.

*இது பொதுவான தகவலும் என் சொந்தக் கருத்தும்தான். மேல சொன்ன வருமான சதவீதங்கள் கணக்குக்கான உதாரணம், உத்தரவாதம் இல்ல. உங்க நிலைமைக்கு ஏத்த முடிவை உங்க ஆலோசகர்கிட்ட பேசிட்டு எடுங்க.*